கண்ணாடி மணியில் புது டிசைன்: எங்கே கெட்டது, எப்படிச் சரிசெய்வது

நோட்டில் வரைந்தது ஒன்று, மாண்ட்ரலிலிருந்து (உருகிய கண்ணாடியைச் சுற்றும் எஃகுக் கம்பி) கழன்று வந்தது வேறொன்று. டார்ச் என்ற தீக்குழலில் கண்ணாடியை உருக்கி மணி செய்கிறவர்கள் புது டிசைன் முயலும்போது சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். உடனே பழி டிசைன் மேல் விழும். "இது நமக்கு வராது" என்று நோட்டை மூடிவிடுவார்கள். ஆனால் கெட்டுப்போன மணிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், படத்தில் தப்பு இருப்பது அபூர்வம். சூட்டிலோ, கண்ணாடியிலோ, எதை முதலில் வைத்தோம் எதை அப்புறம் வைத்தோம் என்பதிலோதான் கோளாறு இருக்கும். அதனால் கீழே குறையை வைத்தே பிரித்திருக்கிறேன். உங்கள் மணியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

சொல்வதெல்லாம் எஃகுக் கம்பியில் சுற்றிச் செய்யும் மணிகளுக்கு. கண்ணாடி, விரிவெண் (சூட்டில் எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும் எண்) 104 கொண்ட சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. மொரெட்டி என்று பலர் இன்னும் சொல்லும் இத்தாலிய எஃபெத்ரே கண்ணாடிக் கம்பிகள் இந்த இனம். போரோசிலிகேட்டில் வேலை செய்கிறவர்கள் இங்குள்ள வெப்பநிலைக் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் எண் 33, அது வேறு சங்கதி.

ஒரு வேண்டுகோள். கெட்ட மணியைக் குப்பையில் போடாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தடிமனான துணியில் மணியைச் சுற்றி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி உடையுங்கள். வெட்டுமுகத்தில் எந்த நிறம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, குமிழி எந்த அடுக்கில் மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். வெளியிலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது.

புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகின்றன

முதலில் டார்ச்சைச் சந்தேகப்படாமல் கணக்கைப் பாருங்கள். 10 மி.மீ. மணிக்கு நடுச்சுற்று 31 மி.மீ.தான். 2 மி.மீ. அகலத்தில் வைத்த புள்ளி, உருகி மேற்பரப்போடு படிந்ததும் ஏறக்குறைய 3 மி.மீ.க்குப் பரவிவிடும். 8 புள்ளி வைத்தால் 24 போக மீதி 7. இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடம் கிடைக்கும். 10 புள்ளி வைத்தால் 30. ஒட்டாமல் என்ன செய்யும்?

அடுத்த வரிசை இதைவிட மோசம். மணி உருண்டை என்பதால் துளையை நோக்கிப் போகப் போகச் சுற்றளவு குறையும். அதே 10 மி.மீ. மணியில், நடுக்கோட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளிப் போனால் சுற்று 25 மி.மீ.தான் இருக்கும். நடுவில் வைத்த அதே அளவுப் புள்ளியை அங்கேயும் 8 வைத்தால் இடைவெளியே இராது. காகிதத்தில் நேர்க்கட்டத்தில் வரைந்த டிசைன் மணியில் ஓரங்களில் மட்டும் நெருக்கியடிப்பது இதனால்தான். ஓர வரிசைக்குச் சின்னப் புள்ளி வையுங்கள், அல்லது எண்ணிக்கையைக் குறையுங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் ஒட்டினால், அடித்தளம் சூடாக இருக்கும்போதே புள்ளி வைக்கிறீர்கள். மணியைத் தீயிலிருந்து வெளியே எடுத்து, செம்மை மறைந்து சொந்த நிறம் திரும்பும்வரை சுற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் இழையின் (கம்பியை உருக்கி மெல்லியதாக இழுத்தது) நுனியை மட்டும் மிளகளவு உருக்கி, மணியின் மேல் செங்குத்தாக ஒற்றி, ஒரு நொடி அப்படியே பிடியுங்கள். உருகிய நுனி பிசுக்கென்று ஒட்டி, விளிம்பு கெட்டிப்படுவது கையில் தெரியும். அதற்குப் பிறகுதான் தீயின் ஓரத்தில் இழையை அறுக்க வேண்டும். சாய்வாக இழுத்தால் புள்ளிக்கு வால் முளைக்கும். வாலை உருக்கப் போய் புள்ளியையே பரப்பிவிடுவோம். கடிகாரத்தில் 12, 6, 3, 9 இருக்கும் இடங்களில் முதல் நான்கு புள்ளி, பிறகு நடுவில் நான்கு என்று வைத்தால் கடைசிப் புள்ளிக்கு இடம் தேட வேண்டியிருக்காது. எல்லாப் புள்ளியையும் வைத்து முடித்த பிறகே உருக்கத் தொடங்குங்கள். ஒவ்வொன்றாக வைத்து ஒவ்வொன்றாக உருக்கினால் முதல் புள்ளி எட்டு முறை சூடு பட்டிருக்கும்.

இன்னொரு காரணம், நிறங்கள் எல்லாம் ஒரே மாதிரி இளகுவதில்லை. தந்தநிறம் சீக்கிரம் இளகி ஓடும். பக்கத்து நிறம் இன்னும் கெட்டியாக இருக்கும்போதே இது பரவி அதன் மேல் ஏறிவிடும். புது நிறக் கம்பி கைக்கு வந்தால் ஒரு சோதனை மணி செய்துவிடுங்கள். ஒரே அடித்தளத்தில் கைவசமிருக்கும் நிறங்களில் எல்லாம் ஒரே அளவுப் புள்ளி வரிசையாக, எல்லாவற்றுக்கும் ஒரே சூடு. எது எவ்வளவு பரவியது என்று அந்த மணி சொல்லிவிடும். டிசைனில் ஓடுகிற நிறத்தைச் சிறியதாகவும், இறுகலான நிறத்தைப் பெரியதாகவும் வைத்தால் முடிவில் இரண்டும் ஒத்துவரும்.

கறுப்புக் கோடு ஊதாவாகிக் கசிகிறது

கறுப்பு என்று விற்கும் கம்பிகளில் பல உண்மையில் மிக அடர்ந்த ஊதா. தடிமனாக இருக்கும்வரை தெரியாது. மெல்லிய இழையாக இழுத்து வெள்ளை மேல் வைத்ததும் சாயம் வெளுத்துவிடும். இழையைத் தடிமனாக இழுங்கள். அது பிடிக்கவில்லை என்றால் இழைவேலைக்கென்றே அடர்கறுப்பாகச் செய்த கம்பி வாங்குங்கள். சூட்டைக் குறைத்தால் கசிவு குறையும், ஊதா மட்டும் போகாது.

நிறங்கள் சேருமிடத்தில் அழுக்குக் கோடு, அல்லது டர்க்காய்ஸ் மேல் செம்பழுப்புத் தோல்

இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் காரணம் வெவ்வேறு. கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு நிறங்களின் எல்லையில் மட்டும் சாம்பல்-பழுப்புக் கோடு ஓடினால் அது வேதியியல். டர்க்காய்ஸிலும் சில பச்சைகளிலும் தாமிரம் இருக்கிறது. தந்தநிறத்திலும் சில மஞ்சள்களிலும் கந்தகம். சூட்டில் இரண்டும் சந்தித்தால் எல்லையில் கறுக்கும். டார்ச்சை எப்படித் திருப்பினாலும் இது போகாது. வேண்டாமென்றால் நடுவே மெல்லிய க்ளியர் (நிறமற்ற கண்ணாடி) அடுக்கு கொடுங்கள், அல்லது தந்தநிறத்துக்குப் பதில் வெள்ளையைப் பயன்படுத்துங்கள். என்னைக் கேட்டால் இதை நீக்கவே வேண்டியதில்லை. இழை எடுத்துக் கைநடுங்க வரைய வேண்டிய கோட்டைக் கண்ணாடியே இலவசமாக வரைந்து தருகிறது. தந்தநிற அடித்தளத்தில் டர்க்காய்ஸ் புள்ளி, அதன் மேல் மறுபடி தந்தநிறம், மேலே இன்னொரு டர்க்காய்ஸ் என்று அடுக்கிப் பாருங்கள். வளையத்துக்குள் வளையமாக வரும். அந்தக் கோட்டின் தடிமன் சூட்டின் நேரத்தைப் பொறுத்தது என்பதால் இரண்டு மணியில் ஒரே மாதிரி வராது. ஜோடிக் கம்மலுக்கு இந்த வித்தையை நம்பாதீர்கள்.

எல்லையில் இல்லாமல் டர்க்காய்ஸ் பரப்பு முழுவதும் செங்கல் நிறத்தில் தோல் படர்ந்திருந்தால் குற்றவாளி தீ. ஆக்சிஜன் போதாத தீ கண்ணாடியிலுள்ள தாமிரத்தை உலோகமாக மீட்டுவிடுகிறது. தீயின் உள்நாக்குகள் குட்டையாக, கூராக, நீலமாக இருக்க வேண்டும். நீண்டு, மங்கி, நுனியில் மஞ்சள் தட்டினால் எரிவாயு கூடிவிட்டது. ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) வைத்திருப்பவர்கள் முதலில் அதன் காற்று ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊர்த் தூசியில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷினைக் கொண்டு பெரிய தீ வைக்க ஆசைப்பட்டாலும் இதே கதைதான். தீயைச் சிறிதாக்கி, மணியை டார்ச் முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தாலே பாதிக் குறை தீரும்.

ஒரு இடைக்குறிப்பு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே கிடைக்கும் சின்னஞ்சிறு ஒற்றைநிற மணிகளில் செங்கல்சிவப்பு பேர்போனது. அந்தச் சிவப்பும் தாமிரத்திலிருந்து வருவதுதான். ஆக்சிஜன் குறைந்த உலையில் வேண்டுமென்றே வரவழைத்தது. உங்கள் டர்க்காய்ஸைக் கெடுத்த அதே வேலையை அவர்கள் நிறமாக்கி விற்றார்கள். இந்தோ-பசிபிக் மணிகள் என்று இன்று சொல்லப்படும் அந்த இனம் கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா முழுவதும் போயிருக்கிறது. ஆக, செம்பழுப்புத் தோல் பிடித்திருந்தால் அதையே டிசைனாக்கவும் வழி உண்டு. வேலையின் கடைசியில் சில நொடிகள் மட்டும் ஆக்சிஜனைக் குறைத்துக் காட்டுங்கள். நடுவில் காட்டினால் அடுத்து வைக்கும் அடுக்கின் அடியில் போய்ப் புகைபோல மாட்டிக்கொள்ளும்.

சிவப்பு ஈரல் நிறமாகிவிட்டது

சூடு அதிகம். மங்கல் (ஒளிபுகாத) சிவப்பை நெடுநேரம் உருக்கினால் பழுப்பேறும், திரும்பி வராது. டிசைனில் சிவப்பைக் கடைசி அடுக்காக மாற்றுங்கள். வெளிறிய மஞ்சளாகவோ நிறமே இல்லாமலோ நிற்கும் ஒளிபுகு சிவப்பு, ஆரஞ்சு கம்பிகளின் கதை நேர்எதிர். செம்மை மறையும்வரை மணியை ஆறவிட்டு, மென்மையான தீயில் மறுபடி மெல்லச் சூடுகாட்டினால்தான் அவற்றின் நிறம் எழும்.

க்ளியர் போர்த்தினால் குமிழி, புகை, அல்லது உள்ளே இருக்கும் பூ இழுபட்டுவிடுகிறது

குமிழி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று உடைத்துப் பாருங்கள். க்ளியருக்கும் டிசைனுக்கும் நடுவில் வரிசையாக, நீளவாக்கில் இருந்தால், சுற்றும்போது இரண்டு சுற்றுக்கு நடுவே காற்றை அடைத்திருக்கிறீர்கள். க்ளியரின் உள்ளேயே பொடிப்பொடியாக மிதந்தால் கம்பியைக் கொதிக்கவிட்டுவிட்டீர்கள், அல்லது கம்பி அழுக்கு. வேலைக்கு முன்னால் கம்பியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். பஞ்சு வேண்டாம், நார் ஒட்டும். கட்டிங் ப்ளையர் கடித்த நுனியில் நுண்விரிசல்கள் இருக்கும். அந்த நுனியை முதலில் உருக்கிக் கிள்ளி எறிந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

டிசைன் இழுபடுவதற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான்: கீழேயும் இளகல், மேலேயும் இளகல். உள்மணி கெட்டியாக இருக்க வேண்டும். க்ளியர் மட்டும் தேன்போல இளகியிருக்க வேண்டும். கம்பியை மணிக்கு அழுத்திப் பிடித்து, மாண்ட்ரலைச் சுற்றுங்கள். கண்ணாடி தானே படிந்து வரும். கம்பியை இழுத்துச் சுற்றினால் கீழே இருக்கும் பூவும் கூடவே நகரும். நடுவில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றையும் முந்தையதன் தோளில் சாய்த்து, துளையை நோக்கிப் போங்கள். நடுவே சந்து விட்டுவிட்டு அப்புறம் நிரப்பலாம் என்று நினைத்தால் அங்கேதான் காற்று உட்காரும்.

இன்னொன்று, க்ளியர் போர்த்தினால் உள்ளே இருப்பது பெரிதாகத் தெரியும். வளைந்த கண்ணாடி லென்ஸ் வேலை செய்கிறது. போர்த்தும் முன் சரியாகத் தோன்றிய பூ, போர்த்திய பின் மணியை அடைத்துக்கொண்டு நிற்கும். போர்த்தப்போகிற டிசைனைக் கொஞ்சம் கஞ்சத்தனமாக வையுங்கள்.

வெள்ளி வரக்கு மறைகிறது, மஞ்சளாகிறது, அல்லது சாம்பலாகிறது

சாம்பலாகி அசிங்கமாகப் பொரிந்தால், வரக்கே வெள்ளிதானா என்று பாருங்கள். இனிப்புக்கு ஒட்டும் வரக்கு வாங்கி வந்து முயல்கிறவர்கள் உண்டு. அதில் அலுமினியம் கலந்து விற்பதும் உண்டு. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். வெள்ளிக்கு 962 டிகிரி வேண்டும். வரக்கு உண்மையானதாக இருந்தும் மறைந்தால், திறந்த தீயை அதன் மேல் காட்டியிருக்கிறீர்கள். ஒட்டியதும் தேய்த்துப் படியவைத்து, உடனே க்ளியர் போர்த்த வேண்டும். மஞ்சளாவது வெள்ளியின் இயல்பு, தந்தநிறத்தின் மேல் அது அழகாகவே இருக்கும்.

விரிசல்

இதற்குத்தான் நிறையப் பேர் தவறான மருந்து தேடுகிறார்கள். "கில்ன் (மணியை மெல்ல ஆறவைக்கும் உலை) சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், விரிசல் எங்கே, எப்போது வந்தது என்ற இரண்டு கேள்வியைக் கேளுங்கள்.

வேலை செய்யும்போதே டிக்கென்று சத்தம் வந்து மணி பிளந்தால், தீக்கு வெளியே அதிக நேரம் வைத்திருந்தீர்கள். அழுத்தும் கருவியில் வைத்து நசுக்கிய டிசைன்கள், தட்டைத் தகடுகள், துருத்திக்கொண்டிருக்கும் இதழ்கள் இதில் முதலில் மாட்டும். மெல்லிய பகுதி முதலில் குளிர்ந்து சுருங்கும், நடு உடம்பு இன்னும் விரிந்தே இருக்கும். இப்படிப்பட்ட டிசைனில் ஒவ்வொரு இதழுக்கும் ஒருமுறை முழு மணியையும் தீயில் காட்டித் திரும்ப வேண்டும். இது சலிப்பான வேலை, வேறு வழியில்லை.

ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும், அதன் ஓரத்தை ஒட்டியே விரிசல் ஓடினால் அந்தப் புள்ளியின் கண்ணாடி மற்றதோடு சேராத இனம். எண் எழுதாமல் கட்டாக வரும் கம்பிகள், வளையல் துண்டு, பாட்டில் துண்டு ஆகியவற்றை 104-இல் கலந்தால் இது நடக்கும். விரிவெண் 104 என்றால் ஒரு டிகிரிக்கு நீளம் கோடியில் 104 பங்கு கூடும் என்று அர்த்தம். புல்ஸ்ஐ போன்ற தட்டுக்கண்ணாடி 90. வித்தியாசம் 14 தானே என்று தோன்றும். 500 டிகிரியிலிருந்து அறைவெப்பத்துக்கு வரும்போது 10 மி.மீ. நீளத்தில் இது 6, 7 மைக்ரான் சுருக்க வேறுபாடு. தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. மணியைப் பிளக்க அது போதும்.

சந்தேகமான கம்பி கையில் இருந்தால் இழைச் சோதனை செய்யுங்கள். சந்தேகக் கம்பியையும் தெரிந்த 104 கம்பியையும் பக்கம்பக்கமாக ஒட்டி உருக்குங்கள். இரண்டும் கலந்துவிடாமல், பாதிக்குப் பாதி அருகருகே இருக்கும்படி ஒரு மில்லிமீட்டர் இழையாக, ஒரு முழம் நீளத்துக்கு இழுத்து, ஆறும்வரை நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு முனையைக் கத்தரித்து விடுங்கள். நேராக நின்றால் இரண்டும் சேரும். வில்லாக வளைந்தால் சேராது. வளைவின் உட்புறம் இருப்பது அதிகம் சுருங்கும் கண்ணாடி. கம்பியின் நிறம் மாறும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும். ஒரே கட்டில் வந்த நீலமும் வெள்ளையும்கூட வெவ்வேறாக இருக்கலாம்.

துளையிலிருந்து துளைக்கு நேர்கோடாகப் பிளந்தால் மாண்ட்ரல் குளிர்ந்திருக்கும்போது கண்ணாடியைச் சுற்றியிருக்கிறீர்கள், அல்லது கில்னில் வைக்குமுன் மணி அளவுக்கு மீறி ஆறிவிட்டது. மாண்ட்ரல் செம்மை காட்டும்வரை சூடேற்றி, அப்புறம் முதல் சுற்றைப் போடுங்கள்.

நாட்கள் கழித்து, மேஜையில் சும்மா இருந்த மணி பிளந்தால்தான் ஆனீலிங்கைக் குறை சொல்லலாம். மணி முழுவதும் ஒரே வெப்பத்தில் நின்று, உள்ளிருக்கும் இழுவிசை தளர்ந்த பிறகு மெதுவாகக் குளிர வேண்டும். 104 கண்ணாடிக்கு 510 முதல் 520 டிகிரி. 10-15 மி.மீ. மணிகளை அங்கே அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நிறுத்தி, 430 டிகிரி வரை ஒரு மணி நேரத்துக்கு 60 டிகிரி வீதம் இறக்கி, அப்புறம் கில்னை அணைத்துக் கதவைத் திறக்காமல் விட்டுவிடலாம். தடித்த மணிகளுக்கு நேரம் கூட்டுங்கள். நர்சரியில் வாங்கும் வெர்மிகுலைட்டில் புதைத்து வைப்பது ஆனீலிங் ஆகாது. அது உடனடிப் பிளவைத் தடுக்கும், உள்ளிருக்கும் இழுவிசையைப் போக்காது. கில்ன் இல்லாதவர்கள் அப்படி ஆறவைத்துச் சேர்த்துவைத்த மணிகளைப் பிறகு யாருடைய கில்னிலாவது குளிர்ந்த நிலையிலிருந்து மெல்லச் சூடேற்றி ஆனீல் செய்துகொள்ளலாம். விற்கிற மணிக்கு இது கட்டாயம்.

ஒளிபுகும் மணி என்றால் இழுவிசையைக் கண்ணாலேயே பார்க்கலாம். லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். எல்சிடி திரையிலிருந்து வருவது முனைவாக்கப்பட்ட ஒளி. போலரைஸ்டு கூலிங் கிளாஸைத் திரைக்கு முன்னால் பிடித்து, திரை இருளும்வரை திருப்புங்கள். இப்போது இரண்டுக்கும் நடுவில் மணியைப் பிடித்தால், நல்ல மணி இருளிலேயே இருக்கும். இழுவிசை மிச்சமிருக்கும் மணியில் புள்ளியைச் சுற்றியோ துளை ஓரத்திலோ வெளிச்சம் பூக்கும். மங்கல் கண்ணாடிக்கு இது உதவாது. ஆகவே புது வடிவத்தை முதலில் க்ளியரில் ஒன்று செய்து சோதித்துக்கொள்வது நல்லது.

மணி கழலவில்லை, துளை ஓரம் கையைக் கீறுகிறது

கழலாததற்கு, தண்ணீரில் ஊறவைத்து ப்ளையரால் மாண்ட்ரலைத் திருகுங்கள். அடுத்த முறை களிமண் பூச்சைக் கொஞ்சம் கெட்டியாகப் பூசுங்கள், அழுத்துகிற டிசைன் என்றால் இன்னும் கெட்டியாக. காய்ந்த பூச்சைத் துளையிலிருந்து சுரண்டும்போது ஈரமாகவே சுரண்டுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஓரம் கூர்மையாக இருப்பது அகலத்துக்கேற்ற கண்ணாடி இல்லாததால். நடுவில் இன்னும் ஒரு சுற்றுச் சேர்த்து உருக்கினால் ஓரங்கள் தாமே உள்வாங்கிக் குழியும். கூர் ஓரத்தோடு விற்காதீர்கள், நூலை அறுத்துவிடும்.

முதல் மணி பிரமாதம், இரண்டாவது அதற்கு ஜோடி சேரவில்லை

புது டிசைனில் பலர் இங்கேதான் நிற்கிறார்கள். கண்ணளவு போதும் என்று நினைப்பதுதான் பிரச்சினை, அதுவும் முதலாவது மணி ஏற்கெனவே கில்னுக்குள் போயிருக்கும்போது.

அளவு கண்ணாடியின் கன அளவில் இருக்கிறது. 2.4 மி.மீ. மாண்ட்ரலில் 10 மி.மீ. உருண்டை மணிக்கு வேண்டியது 6 மி.மீ. தடிமன் கம்பியில் 17 மி.மீ. நீளம்; எடை சுமார் 1.2 கிராம். 12 மி.மீ. மணிக்கு 30 மி.மீ. கம்பி, 2.1 கிராம். விட்டத்தில் 2 மி.மீ. கூட, கண்ணாடி ஏறக்குறைய இரட்டிப்பு. அதனால்தான் "இன்னும் கொஞ்சம்" என்று சுற்றிய ஒரு சுற்று மணியைச் சட்டென்று பெரிதாக்குவதில்லை, குறைத்த ஒரு சுற்று கண்ணுக்குத் தெரிவதில்லை; மொத்தம் சேரும்போதுதான் ஜோடி தப்புகிறது. கம்பியில் மார்க்கரால் கோடு போட்டால் தீயில் அழிந்துவிடும். மீதிக் கம்பியின் நீளத்தை மேஜையில் ஒட்டிய ஸ்கேலில் முன்னும் பின்னும் பார்ப்பது எளிது. கம்பிகளின் தடிமனே கட்டுக்குக் கட்டு மாறும். 6 என்று நினைத்தது 5 ஆக இருந்தால் 17 மி.மீ.க்குப் பதில் 24 மி.மீ. வேண்டும்.

நகைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். முடிந்த மணியில் 0.1 கிராம் வித்தியாசம் என்றால் 10 மி.மீ. மணியின் விட்டம் கால் மில்லிமீட்டர் மாறியிருக்கிறது. மாலையில் அது தெரியாது. கம்மலில் இரண்டு காதிலும் தொங்கும்போது அரை மில்லிமீட்டரையே கண் பிடித்துவிடும்.

டிசைன் பிடித்த அன்றைக்கே ஒரு அட்டையில் எழுதுங்கள்: மாண்ட்ரல் தடிமன், கம்பி நீளம், நிற எண், இழையின் தடிமன், புள்ளிகளின் எண்ணிக்கை, எந்த வரிசையில் வைத்தது, எதை முழுதாக உருக்கியது எதை மேடாக விட்டது. கடைசி இரண்டைத்தான் எல்லாரும் எழுத மறக்கிறார்கள். பிறகு மணி மாறிப்போவதும் பெரும்பாலும் அந்த இரண்டால்தான். இழைகளை வேலையின் நடுவே இழுக்காதீர்கள். முன்கூட்டியே ஒரு கத்தை இழுத்து, தடிமன் வாரியாகப் பிரித்து, பழைய டம்ளர்களில் போட்டு வைத்தால் இரண்டாவது மணிக்கும் அதே இழை கிடைக்கும். அப்படியும் ஜோடி வராவிட்டால் ஒரே டிசைனில் ஐந்தாறு செய்து, அதில் நெருங்கியவற்றை ஜோடி சேருங்கள். அனுபவசாலிகளும் இதைத்தான் செய்கிறார்கள், வெளியில் சொல்வதில்லை.

தனியாகப் பார்த்தால் அழகு, மாலையில் கோத்தால் காணவில்லை

வரையும்போது துளையை வரையவில்லை. அவ்வளவுதான். மாலையில் மணிகளின் துளைப் பக்கம் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும். அங்கே வைத்த வேலை வீண். மணி நூலில் சுழலும் என்பதால் ஒரு பக்கம் மட்டும் பூ வைத்தால் அது கழுத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். கம்மலில் துளை மேலும் கீழும் நிற்கும், தொப்பி மூடும். ஒரே டிசைனை இரண்டுக்கும் போட முடியாது.

காகிதத்தில் 31 மி.மீ.க்கு 10 மி.மீ. என்ற பட்டையை நான்கு மடங்காக, அதாவது 124க்கு 40 ஆக வரைந்து, அதில் டிசைனைப் போட்டு, வளையமாக ஒட்டி, அறையின் மறுமுனையில் வைத்துப் பாருங்கள். அங்கிருந்து தெரியாத கோடு மணியில் கைநீட்டுத் தூரத்தில் தெரியாது. ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள புள்ளிகள் தூரத்தில் கலங்கிச் சாம்பலாகத்தான் தெரியும். நுணுக்கத்தைக் காப்பாற்ற மணியைப் பெரிதாக்குமுன் எடையையும் பாருங்கள். 45 செ.மீ. மாலைக்கு 10 மி.மீ. மணி 45 வேண்டும், 54 கிராம்; 12 மி.மீ. என்றால் 37 மணி, கிட்டத்தட்ட 80 கிராம். நாள் முழுவதும் போட்டுக்கொள்கிறவர் அதைக் கழற்றி வைத்துவிடுவார். நான்கைந்து வேலைப்பாட்டு மணிகளுக்கு நடுவே ஒற்றைநிற மணிகளைக் கோப்பது எடையையும் குறைக்கும், டிசைனுக்கு மூச்சுவிட இடமும் கொடுக்கும்.

எது செய்தாலும் எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கிறது

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வரும் குறை. பூ, ஆமை, கடல் அலை என்று கை தானே போய்விடும். அதற்கு மருந்தாக எல்லாரும் கோலத்துக்கு ஓடுகிறார்கள். சொன்னால் கோபம் வரலாம், சிக்குக்கோலம் மணிக்குப் பொருந்துவதில்லை. அது தட்டையான, சம இடைவெளிப் புள்ளிகளில் வாழும் வடிவம். உருண்டையில் ஓர வரிசை நெருங்கியதும் வளைவுகள் முட்டிக்கொள்ளும், இழை உருகியதும் சிக்கு நிஜமாகவே சிக்காகிவிடும். கோலத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் நான்கு பக்கமும் திரும்பத் திரும்ப வரும் அந்த ஒழுங்கை மட்டும் எடுங்கள்.

மணிக்கு இயல்பாக வருவது சுற்றிவரும் கோடு. அதனால் சேலைக் கரைகளும் கட்டங்களும் நன்றாகப் பொருந்தும். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கியின் அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு மூன்றையும் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் ஒரே காட்மியக் குடும்பம், எல்லையில் சண்டை போடாது. மஞ்சள் அடித்தளம், நடுவில் அகலமான அரக்குப் பட்டை, இரண்டு ஓரமும் கறுப்பு இழை. இதை நிறுத்திவைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தை மாற்றி அடுத்த மணி செய்யுங்கள். பட்டையின் அகலம் மட்டும். அடுத்ததில் இழையை உருக்காமல் மேடாக விடுவது மட்டும். அதற்கடுத்ததில் உருண்டைக்குப் பதில் குழல் வடிவம் மட்டும். ஒரே மணியில் நிறம், வடிவம், வேலை மூன்றையும் மாற்றினால் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. இந்த மணிகளைச் செய்த வரிசையிலேயே ஒரு நூலில் கோத்து, முனையில் அட்டை கட்டி மாட்டி வையுங்கள்.

ஒற்றைநிறத்திலும் டிசைன் உண்டு. ஆந்திராவின் பாப்பநாயுடுபேட்டையில் உலையிலிருந்து கண்ணாடிக் குழாயை இழுத்து, நறுக்கி, பொடி மணிகள் செய்யும் பழைய முறை நம் காலம்வரை வந்திருக்கிறது. அரிக்கமேட்டு மணிகளும் இழுத்து நறுக்கிய இனம்தான். அவற்றில் ஒரு பூகூடக் கிடையாது. அளவும் நிறமும் கோக்கும் வரிசையும் மட்டும்தான். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போனால் அரிக்கமேட்டுப் பொருட்களின் பக்கம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கையில் பென்சிலும் சின்ன நோட்டும் எடுத்துப் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் 3 மி.மீ. மணியை ஃபோன் கேமரா சரியாகப் பிடிக்காது.